கழுவினால் போய்விடும் என்று யார் சொன்னது?

"சனிக்கிழமை மருந்து அடிச்சேன் சார், ஞாயித்துக்கிழமை பறிச்சு சாம்பார் வெச்சோம். உப்புத் தண்ணியில நல்லா கழுவிட்டேன்." மாடித்தோட்ட ஆலோசனைக்கு வருபவர்களிடம் இதை எத்தனை முறைதான் கேட்பது? இந்த முறை சொன்னவர் வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஊதாக் கத்தரி, சிவப்புத் தண்டுக்கீரை, மஞ்சள் குடைமிளகாய் என்று கலர் கலராக வளர்க்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் ஒரு ஓட்டை விழுந்ததும் உரக்கடைக்கு ஓடி, "பூச்சிக்கு ஏதாவது குடுங்க" என்று வாங்கி வந்து அடிக்கிறீர்களே, அது பெரும்பாலும் ஊடுருவிப் பாயும் மருந்து. இலை வழியாகவோ வேர் வழியாகவோ செடிக்குள் போய்விடும். வெள்ளை ஈ செடியின் சாற்றை உறிஞ்சித்தான் சாகிறது. அப்படியானால் மருந்து சாற்றுக்குள் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? சாற்றுக்குள் இருப்பதை உப்பு, புளி, மஞ்சள், வினிகர் எதைப் போட்டுக் கழுவினாலும் எடுக்க முடியாது. தோல்மேல் படிந்தது ஓரளவு போகும். அவ்வளவுதான். தோலைச் சீவினாலும் இதே கதைதான்.

அதற்காகத்தான் காத்திருப்புக் காலம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். மருந்து அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பது டப்பாவோடு வரும் தாளில் இருக்கும். மருந்துக்கு மருந்து, பயிருக்குப் பயிர் மாறும். உங்கள் பயிரின் பெயர் அதில் இல்லையென்றால் அந்த மருந்தை அடிக்கவே கூடாது. வெண்டையை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும், விட்டால் முற்றிவிடும். காத்திருக்க எங்கே நேரம்? கீரைக்கோ முழு ஆயுளே ஒரு மாதம்தான்.

டப்பாவில் உள்ள முக்கோணத்தையும் பாருங்கள். சிவப்புதான் மிகக் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பச்சையும் விஷம்தான், வீரியம் குறைவு. மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தைக் காய்கறிக்கு அடிக்க 2005லேயே தடை வந்துவிட்டது. இன்னும் "ஊர்ல இருந்து கொண்டுவந்தது" என்று பழைய டப்பாவைக் காட்டுகிறார்கள்.

பத்துத் தொட்டிக்கு இதெல்லாம் தேவையே இல்லை. கத்தரியில் நுனிக்குருத்து தலை தொங்கினால் உள்ளே புழு. வாடிய இடத்துக்குக் கீழே கிள்ளி, புழுவோடு நசுக்கிவிடுங்கள். புழு விழுந்த காயையும் தொட்டியடியில் போடாதீர்கள். மாவுப்பூச்சிக்குத் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், மிச்சத்தைத் துணியால் துடையுங்கள். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி, அதாவது பசை தடவிய மஞ்சள் அட்டை. அப்புறம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், இலையின் அடிப்பக்கம் நனையும்படி சாயங்காலம் தெளியுங்கள். காலையில் தெளித்துத் தேனீயை விரட்டிவிட்டு, பூசணிப் பிஞ்சு உதிர்கிறது என்று என்னிடம் வராதீர்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். மருந்தைத் தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்க வேண்டாம். உடனே 108ஐக் கூப்பிடுங்கள். அந்த டப்பாவையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள், என்ன மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டரால் சரியான சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்க முடியும்.