பவர் பிளே சதவீதம்: அடுத்த பருவத்தில் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

வட அமெரிக்காவின் முதன்மையான ஐஸ் ஹாக்கிப் போட்டியான என்எச்எல்லில், 2022-23 பருவத்தில், கனடாவின் எட்மன்டன் ஆயிலர்ஸ் அணிக்கு 275 முறை பவர் பிளே (தண்டனையால் எதிரணியில் ஓர் ஆள் குறைந்திருக்கும் நேரம்) வாய்ப்பு கிடைத்தது. அவற்றிலிருந்து அந்த அணி 89 கோல்கள் அடித்தது. இது 32.4 சதவீதம், மான்ட்ரியல் கனேடியன்ஸ் 1977-78இல் எட்டிய 31.9 சதவீதத்தை முந்திய புதிய சாதனை. அந்த ஆட்டக்காரர்களில் முக்கியமானவர்கள் பெரும்பாலோர் தொடர்ந்து அணியில் இருந்தார்கள். ஆகவே அடுத்த ஆண்டும் முப்பதுக்குக் குறையாது என்று ரசிகர்கள் எதிர்பார்த்ததில் வியப்பில்லை. ஆனால் 2023-24இல் கிடைத்தது 26.3 சதவீதம், 2024-25இல் 23.7. திறமை வாய்ந்த ஓர் அணியின் பவர் பிளே இரண்டே ஆண்டுகளில் கெட்டுப்போய்விட்டது என்பது பலருடைய முடிவு. அந்த முடிவு பெரும்பகுதி தவறு என்பதே என் கருத்து. அதற்கான காரணம் பனித்தளத்தில் பாதியும், எளிய நிகழ்தகவுக் கணக்கில் பாதியுமாக இருக்கிறது.

ஐஸ் ஹாக்கியில் ஓர் அணிக்குக் கோல்கீப்பரைத் தவிர ஐந்து பேர் களத்தில் இருப்பார்கள். எதிராளியை மட்டையால் தட்டிவிடுதல், இடறிவிடுதல், பிடித்து இழுத்தல் போன்ற சிறு குற்றங்களுக்கு, குற்றம் செய்தவர் இரண்டு நிமிடம் பெனால்டி பாக்ஸில் உட்கார வேண்டும். அவருக்கு மாற்றாக வேறொருவர் இறங்க முடியாது. அந்த 120 நொடிகளில் ஐந்து பேர் நான்கு பேரை எதிர்த்து ஆடுவதுதான் பவர் பிளே. கிரிக்கெட்டின் பவர் பிளேயோடு இதற்குப் பெயரைத் தவிர எந்த உறவும் இல்லை. கோல் விழுந்துவிட்டால் தண்டனை அப்போதே முடிந்து, ஐந்தாவது ஆள் களத்துக்குத் திரும்பிவிடுவார்.

இந்தக் கடைசி விதி எப்போதும் இருந்ததில்லை. 1955 நவம்பர் 5 அன்று மான்ட்ரியலின் ஜான் பெலிவோ, பாஸ்டன் அணிக்கு எதிரான ஒரே பவர் பிளேயில், 44 நொடிகளுக்குள் மூன்று கோல்கள் அடித்தார். அக்காலத்தில் கோல் விழுந்தாலும் இரண்டு நிமிடம் முழுவதும் தண்டனை தொடரும். ஒரு சிறு குற்றத்துக்கு இவ்வளவு பெரிய விலையா என்ற கேள்வி எழவே, 1956-57 பருவத்திலிருந்து விதி மாற்றப்பட்டது. நாம் பேசப்போகும் கணக்குக்கு இது அடிப்படையானது. சிறு குற்றத்துக்குரிய சாதாரண வாய்ப்பு ஒவ்வொன்றுக்கும் இப்போது ‘கோல் விழுந்தது’, ‘விழவில்லை’ என்ற இரண்டே விடைகள்தான் உண்டு. லீக் முழுமைக்குமான சராசரி அண்மை ஆண்டுகளில் 21 சதவீதத்தை ஒட்டியே இருந்துவருகிறது. அதாவது, ஓர் ஆள் கூடுதலாக இருந்தும் ஐந்து வாய்ப்புகளில் நான்கு வீணாகின்றன.

ஏன் இவ்வளவு குறைவு என்பதைப் புரிந்துகொள்ள, தாக்கும் அணி நிற்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். இன்று பெரும்பாலான அணிகள் 1-3-1 என்ற அமைப்பில் நிற்கின்றன. தாக்கும் பகுதியின் எல்லையான நீலக்கோட்டின் அருகே நடுவில் ஒருவர் நின்று பந்தோட்டத்தை, சரியாகச் சொன்னால் பக் எனப்படும் ரப்பர் வட்டின் ஓட்டத்தை, இயக்குவார். கோலின் முன்னே இருபுறமும் தளத்தில் வரையப்பட்ட வட்டங்களில், இடப்புற வட்டத்தில் ஒருவர், வலப்புற வட்டத்தில் ஒருவர், இருவருக்கும் நடுவே தடுப்பாட்டக்காரர்களின் மத்தியில் ‘பம்பர்’ எனப்படும் ஒருவர், கோலுக்கு நேர் முன்னால் கோல்கீப்பரின் பார்வையை மறைத்தபடி ஒருவர். தடுக்கும் நான்கு பேர் சதுரமாகவோ வைரக்கல் வடிவிலோ நின்று, தாக்குபவர்களை ஓரங்களிலேயே நிறுத்திவைக்கப் பார்ப்பார்கள். எந்த வடிவில் நின்றாலும் நான்கு பேரால் ஐந்து இடங்களை மூட முடியாது. எந்த இடத்தைத் திறந்துவிடுவது என்பதை மட்டுமே அவர்கள் தேர்ந்துகொள்ளலாம்.

கோல் விழும் தருணத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். களத்தின் நீளவாக்கில், ஒரு கோலின் நடுவிலிருந்து மறு கோலின் நடுவுக்கு ஒரு கற்பனைக் கோடு இழுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டைக் குறுக்காகக் கடந்து வரும் பாஸிலிருந்து அடிக்கப்படும் ஷாட், அதே இடத்தில் பக்கை வைத்துக்கொண்டு நிதானமாகக் குறிபார்த்து அடிப்பதைவிட மிக ஆபத்தானது. இரண்டு வட்டங்களின் மையப் புள்ளிகளுக்கும் இடையே 44 அடி, அதாவது சுமார் 13 மீட்டர். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பாஸ் போனால், அக்கரை சேர முக்கால் நொடிகூட ஆகாது. அதற்குள் கோல்கீப்பர் ஒரு கம்பத்தின் ஓரத்திலிருந்து மறு கம்பத்துக்குச் சறுக்கிச் சென்று, நின்று, உடலைத் திருப்பியாக வேண்டும். எதிர்ப்பக்கம் காத்திருப்பவர் பக்கை நிறுத்தாமல் வந்த வேகத்திலேயே அறைந்தால், மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒன்பது மீட்டரைக் கடக்க எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 0.22 நொடி. கண்ணால் கண்டதற்குக் கையோ காலோ எதிர்வினை காட்டவே மனிதருக்கு 0.2 நொடி தேவைப்படுகிறது. ஆகவே அந்த ஷாட்டைக் கோல்கீப்பர் பார்த்துத் தடுப்பதில்லை. முன்கூட்டியே சரியான இடத்தில் வந்து நின்றிருந்தால் பக் அவர்மேல் படுகிறது, அவ்வளவுதான்.

இப்படி நிறுத்தாமல் அடிப்பதற்கு மட்டை பிடிக்கும் கை முக்கியம். வலக்கை ஆட்டக்காரர் இடப்புற வட்டத்தில் நின்றால், மட்டையின் தட்டை முகம் களத்தின் நடுவை நோக்கித் திறந்திருக்கும். குறுக்கே வரும் பக்கை அப்படியே அறையலாம். வாஷிங்டனின் அலெக்ஸ் ஒவெச்கின் பல ஆண்டுகள் அந்த ஒரே இடத்தில் நின்று அடித்தவர். 2025 ஏப்ரல் 6 அன்று வேய்ன் கிரெட்ஸ்கியின் 894 கோல் சாதனையை அவர் கடந்ததும் அங்கிருந்து, ஒரு பவர் பிளேயில்தான். எட்மன்டனின் லியோன் டிரைசைட்டல் இடக்கைக்காரர். வலப்புறத்தில், கோல்கோட்டை மிக நெருங்கிய கூர்மையான கோணத்தில் நின்று அடிப்பது அவர் வழக்கம். வட்டத்தின் மையத்திலிருந்து பார்க்கும்போது ஆறு அடி அகலக் கோல் சுமார் நான்கு அடியாகத் தெரியும். கோல்கோட்டுக்கு எட்டடி தூரம் வரை இறங்கிவிட்டால் இரண்டடிதான் தெரியும். சாதாரண ஆட்டக்காரருக்கு அது வீண் ஷாட். ஆனால் பாஸ் குறுக்கே வரும்போது கோல்கீப்பர் கடக்க வேண்டிய தூரம் அங்கேதான் மிக அதிகம் என்பதால், அந்த இரண்டடியும் பல நேரங்களில் காலியாகக் கிடக்கிறது. 2022-23இல் டிரைசைட்டல் அடித்த 52 கோல்களில் 32 பவர் பிளேயில் வந்தவை. அவரோடு ஆடும் கானர் மெக்டேவிட் அந்தப் பருவத்தில் பெற்ற 153 புள்ளிகளில் (அடித்த கோலுக்கும் கோலுக்கு உதவிய பாஸுக்கும் ஒவ்வொரு புள்ளி) 71 பவர் பிளேயிலிருந்து வந்தன. மெக்டேவிட் ஓரிடத்தில் நிற்பதில்லை. அவர் நகரும்போது தடுப்பாட்டக்காரரில் ஒருவர் கூடவே நகர்ந்தாக வேண்டும். நான்கு பேர் கட்டிய வடிவம் அங்கே உடைகிறது.

இத்தனை வலிமை இருந்தும் மூன்றில் ஒரு வாய்ப்புக்கும் சற்றுக் குறைவாகத்தான் கோல் ஆனது. 120 நொடிகளும் தாக்குதலுக்குக் கிடைப்பதில்லை என்பது இதற்கு ஒரு காரணம். ஃபேஸ் ஆஃப் எனப்படும் தொடக்கப் போட்டியில் தோற்றால், தடுக்கும் அணி பக்கைக் களத்தின் மறுகோடிக்கு அடித்துவிடும். சமபலத்தில் ஆட்டத்தை நிறுத்தவைக்கும் அந்தச் செயல் இங்கே அனுமதிக்கப்பட்டது. அதை எடுத்து, திரும்பி வந்து, நீலக்கோட்டைக் கட்டுப்பாட்டோடு கடந்து, அவரவர் இடத்தில் நிற்பதற்குள் பதினைந்து இருபது நொடிகள் போய்விடும். இரண்டு முறை இப்படி நடந்தால் வாய்ப்பில் கால்பங்கு போனது. தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் ஷாட்டைத்தான் கவனிக்கிறார்கள். ஒரு பவர் பிளேயின் தரத்தை நான் மதிப்பிட வேண்டுமானால், நீலக்கோட்டைக் கடக்கும் அந்த நொடியைத்தான் முதலில் பார்ப்பேன்.

இனி நிகழ்தகவுக்கு வருவோம். ஓர் அணிக்கு ஒரு பருவத்தின் 82 ஆட்டங்களில் சுமார் 240 வாய்ப்புகள் கிடைப்பதாகக் கொள்வோம். அதன் உண்மைத் திறன் 22 சதவீதம் என்று நமக்கு எப்படியோ தெரிந்துவிட்டதாகவும் வைத்துக்கொள்வோம். அந்த அணியே அந்தப் பருவத்தைத் திரும்பத் திரும்ப ஆடினால், ஒவ்வொரு முறையும் 22 வராது. 0.22ஐ 0.78ஆல் பெருக்கி, 240ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது 0.027. அதாவது திட்ட விலக்கம், தற்செயலால் விடை வழக்கமாக எவ்வளவு விலகும் என்பதன் அளவு, 2.7 சதவீதப் புள்ளிகள். இருபதில் பத்தொன்பது முறை விடை ஏறத்தாழ 17க்கும் 27க்கும் இடையே விழும். 17 என்றால் லீக்கின் கடைசி வரிசை, 27 என்றால் முதல் வரிசை. திறனில் எள்ளளவும் மாற்றமில்லாமலேயே ஓர் அணியைக் கீழிருந்து மேலே தூக்கிவிட இந்தத் தற்செயல் போதும். கம்பத்தில் பட்டு உள்ளே போன பக், கம்பத்தில் பட்டு வெளியே வந்த பக், தடுப்பவரின் காலில் பட்டுத் திசைமாறியது என்று ஆட்டத்தில் நாம் காணும் சிறு நிகழ்வுகளின் கூட்டுத்தொகையே இந்த 2.7.

எட்மன்டனுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். 2019-20இல் 29.5, 2020-21இல் 27.6, 2021-22இல் 26.0, 2022-23இல் 32.4. நான்கு பருவங்களையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி 29ஐ ஒட்டி வருகிறது. லீக்கில் வேறெந்த அணிக்கும் பொறாமை தரக்கூடிய எண் அது. எனவே அந்த அணியின் திறன் ஐயத்துக்கு இடமில்லாதது, 32.4இல் மட்டும் கொஞ்சம் அதிர்ஷ்டம் கலந்திருந்தது. மிக உயர்ந்த எண்ணைப் பெற்ற அணி எதுவாக இருந்தாலும், அது திறமையோடு நல்வாய்ப்பும் பெற்ற அணியாகவே பெரும்பாலும் இருக்கும் என்பதால், அடுத்த ஆண்டு மதிப்பீட்டை லீக் சராசரியான 21ஐ நோக்கிச் சற்று இழுத்துக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் 2023-24க்கு 27 அல்லது 28 என்பதே நியாயமான எதிர்பார்ப்பு. கிடைத்த 26.3 அதிலிருந்து ஒரு திட்ட விலக்க தூரம்கூட விலகவில்லை. முப்பதை எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றமாகத் தெரிந்தது, கணக்குப் போட்டவர்களுக்கு இயல்பான விளைவு. அடுத்து வந்த 23.7ஐ மட்டும் முழுவதும் தற்செயலின் கணக்கில் எழுத நான் தயாரில்லை. ஒரே ஐவர் ஆண்டுக்கணக்கில் ஆடும்போது எதிரணிகள் காணொளியை அலசி, குறுக்குப் பாஸின் வழியை அடைக்கக் கற்றுக்கொள்கின்றன; அதற்கும் அதில் பங்கிருக்கும்.

குறைந்த எண்ணிக்கை எவ்வளவு மயக்கும் என்பதற்கு அதே அணியே சான்று. 2023 ப்ளேஆஃப் சுற்றுகளில் எட்மன்டன் 39 வாய்ப்புகளில் 18 கோல் அடித்தது, 46.2 சதவீதம். அந்த வசந்தத்தில் நீலக்கோட்டருகே நின்று இயக்கியவர் எவன் பூஷார். அதுவரை அந்த இடத்திலிருந்த டைசன் பேரி, பிப்ரவரி இறுதியில் மத்தியாஸ் எக்ஹோமைப் பெறுவதற்காக நாஷ்வில்லுக்குக் கொடுக்கப்பட்டிருந்தார். ஆள் மாறியும் பவர் பிளே தளரவில்லை என்பது உண்மையான பாடம். அமைப்பும் மற்ற நால்வரும் நிலைத்திருந்தால் ஒருவரின் இடத்தை நிரப்பலாம். ஆனால் 46 என்பதை யாரும் திறனாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 39 வாய்ப்புகளுக்குத் திட்ட விலக்கமே ஏழு புள்ளிகளுக்கு மேல். அந்தத் தொடரிலும் எட்மன்டன் இரண்டாம் சுற்றில் வேகாஸிடம் தோற்று வெளியேறியது.

எதிர்த்திசையில் வின்னிபெக் ஜெட்ஸைப் பார்க்கலாம். 2023-24இல் 18.8 சதவீதம் பெற்ற அந்த அணி, 2024-25இல் 28.9 சதவீதத்தோடு லீக்கில் முதலிடம் பிடித்தது. பத்துப் புள்ளி ஏற்றம் என்பது தற்செயலுக்கு மிக அதிகம். இரண்டு பருவங்களின் வேறுபாட்டுக்கான திட்ட விலக்கம் நான்குக்குக் கீழேதான் வரும். அங்கே உண்மையிலேயே சில மாற்றங்கள் நடந்திருந்தன. ஸ்காட் ஆர்னியல் தலைமைப் பயிற்சியாளரானார். பவர் பிளேயைக் கவனிக்க டேவிஸ் பெய்ன் வந்தார். முந்தைய ஆண்டு காயங்களால் 47 ஆட்டங்களே ஆடிய கேப்ரியல் விலார்டி கோல்முகப்பில் கூடுதல் ஆட்டங்கள் ஆடினார். ஜோஷ் மொரிஸ்ஸி, மார்க் ஷைஃபெலே, கைல் கானர் ஆகியோர் இரண்டு ஆண்டுகளிலும் இருந்தவர்களே. ஆனாலும் 18.8இல் கொஞ்சம் துரதிர்ஷ்டமும் 28.9இல் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்திருக்கும் என்று கொள்வதே சரி. முதலிடத்தில் முடித்த அணிக்கு அடுத்த ஆண்டின் மதிப்பீடு 24, 25 என்று வந்தால், அதைப் பயிற்சியாளரின் தோல்வியாக அறிவித்துவிடக் கூடாது.

ஒரு பவர் பிளேயின் சதவீதம் ஐந்து புள்ளி கூடினால் என்ன ஆகும்? 240 வாய்ப்புகளில் அது 12 கோல். ஹாக்கிப் புள்ளியியலாளர்கள் ஏறத்தாழ ஆறு கோலுக்கு ஒரு வெற்றி என்று கணக்கு வைப்பார்கள். ஆகவே இரண்டு வெற்றிகள், அட்டவணையில் நான்கு புள்ளிகள். ப்ளேஆஃபுக்குள் நுழைவதும் நுழையாமல் போவதும் பல ஆண்டுகளில் அதைவிடச் சிறிய இடைவெளியில் முடிவாகியிருக்கின்றன. வாய்ப்புகளின் எண்ணிக்கையையும் மறந்துவிடக் கூடாது: 20 சதவீதத்தில் 275 வாய்ப்பு பெறும் அணி 55 கோல் அடிக்கும், 25 சதவீதத்தில் 200 வாய்ப்பு பெறும் அணி 50 கோல்தான். வேகமான ஆட்டக்காரர்களைத் தடுக்க எதிரிகள் அதிகக் குற்றம் செய்கிறார்கள் என்பதால், குற்றத்தைத் தூண்டுவதும் ஒரு திறனே.

புதிய பருவம் தொடங்கி இருபது ஆட்டங்கள் முடிந்தவுடன் தீர்ப்பு சொல்லும் பழக்கம் எல்லா ஊர் ரசிகர்களுக்கும் உண்டு. அதற்குள் கிடைத்திருக்கும் வாய்ப்புகள் சுமார் 58. திட்ட விலக்கம் 5.4. உண்மையில் 22 சதவீதத் திறனுள்ள அணி அப்போது 11இலும் இருக்கலாம், 33இலும் இருக்கலாம். அந்தக் கட்டத்தில் கோல்களைவிட, அடிக்கடி நிகழ்பவற்றை எண்ணுவது பயன் தரும். ஒரு வாய்ப்புக்கு எத்தனை ஷாட்கள் கோலை நோக்கிச் சென்றன, அவற்றில் எத்தனை குறுக்குப் பாஸிலிருந்து பிறந்தன, நீலக்கோட்டை எத்தனை முறை கட்டுப்பாட்டோடு கடந்தார்கள், இரண்டு நிமிடத்தில் எத்தனை நொடி தாக்குதல் அமைப்பில் நின்றார்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரு வாய்ப்புக்கு ஒன்றரை ஷாட் என்பது பொதுவான அளவு. அதைத் தாண்டி அடித்துக்கொண்டே இருக்கும் அணியின் சதவீதம் நவம்பரில் 14ஆக இருந்தாலும், ஆட்டக்காரர்களை மாற்றாமல் காத்திருப்பதே நல்ல முடிவு. ஷாட்டே வராத அணி 30இல் நின்றுகொண்டிருந்தால், பயிற்சியாளர் கவலைப்பட வேண்டிய நேரம் அதுதான்.