வூபருக்குக் காசு கொட்டுகிறோம், ஓட்டையைக் கண்ணளவில் வெட்டுகிறோம்

அட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் வேனுக்கும் பஸ்ஸுக்கும் கோயில் திருவிழா செட்டுக்கும் சப்வூபர் பெட்டி, அதாவது பேஸ் என்ற கனத்த அடிச்சத்தம் தரும் ஸ்பீக்கர் பெட்டி, அடித்துக் கொடுப்பது என் தொழில். கடைக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள். "அண்ணே, புறக்கோட்டைக்கே போய் நல்ல வூபரா பார்த்து வாங்கினேன். ஆனா பேஸ் வரமாட்டேங்குது. எந்தப் பாட்டுப் போட்டாலும் பூம் பூம்னு ஒரே சத்தம்." பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், முன்பலகையில் நாலு அங்குலத்துக்கு ஒரு ஓட்டை இருக்கும். சிலதில் ஒரு சாண் நீளத்துக்குக் குழாயும் செருகியிருக்கும். ஏன் அந்த நீளம் என்று கேட்டால், "பாஸ்கிட்ட அந்தத் துண்டுதான் மிச்சம் இருந்துச்சு" என்பார்கள்.

தச்சுவேலை பாஸ்மார் மேல் தவறில்லை. அலுமாரி செய்கிறவரிடம் பெட்டி செய்யச் சொன்னால் அவர் பெட்டி செய்வார். குழாயின் நீளத்தை நாம்தான் கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

காலியான சோடாப் போத்தலின் வாயில் ஊதினால் 'பூ...' என்று ஒரு சத்தம் வரும். கழுத்தில் இருக்கும் காற்று மேலும் கீழும் ஆடுகிறது, உள்ளே அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி அதைத் தள்ளுகிறது. ஓட்டையோ குழாயோ வைத்த போர்ட் பெட்டியில் நடப்பதும் இதுதான். குழாய்க்குள் இருக்கும் காற்றும் பெட்டிக்குள் இருக்கும் காற்றும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஆடும், அதைத்தான் பெட்டியின் டியூனிங் என்கிறோம். அந்த இடத்தில் வூபரின் கோன், அதாவது முன்னும் பின்னும் ஆடும் கூம்பு, கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும், சத்தத்தைக் குழாய்தான் வெளியே தள்ளும். 1932இல் ஆல்பர்ட் துராஸ் என்பவர் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்குப் பிறகும் வெகுகாலம் ஆளாளுக்கு அடித்துப் பார்த்து, கேட்டுப் பார்த்துத்தான் பெட்டி செய்தார்கள். ஒழுங்கான கணக்கைக் கொண்டுவந்தவர்கள் ஆஸ்திரேலியாவில் ஆய்வு செய்த நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் என்ற இருவர். 1961இல் தீல் தொடங்கியதை 1970களில் ஸ்மால் விரித்து எழுதினார். வூபரோடு வரும் அளவுத் தாளில் எஃப்எஸ் (வூபர் தானாக ஆடும் அதிர்வெண்), கியூடிஎஸ் (அந்த ஆட்டம் எவ்வளவு அடங்கும் என்ற எண்), வாஸ் (கோனின் ஸ்பிரிங்குக்குச் சமமான காற்றின் அளவு) என்று மூன்று எண்கள் இருக்குமே, அவை இவர்கள் பெயரில் வழங்கும் அளவுகள்தான்.

வூபர் வாங்கும்போது அந்தத் தாளைக் கேளுங்கள். மேலே பளபளவென்று ஒட்டியிருக்கும் '1500 வாட்' ஸ்டிக்கரை நான் ஒரு பொருட்டாக எடுப்பதில்லை. கியூடிஎஸ் 0.3க்கும் 0.5க்கும் இடையில் இருந்தால் போர்ட் பெட்டிக்கு நன்றாக ஒத்துப்போகும். 0.7க்கு மேலே போனால் மூடிய பெட்டியே மேல். தாள் இல்லாத வூபரை எடுத்துக்கொண்டு, "இதுக்கு பேஸ் வர்ற மாதிரி செஞ்சு தாங்க" என்று கேட்டால், யார் செய்தாலும் அது குருட்டாம்போக்குத்தான்.

சரி, ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். 12 அங்குல வூபர், பெட்டிக்குள் 50 லீட்டர் காற்று, டியூனிங் 35 ஹெர்ட்ஸ், குழாயின் உள்விட்டம் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விட்டத்தை விட்டத்தால் பெருக்கினால் 100. அதை இந்தச் சூத்திரத்தின் மாறா எண்ணான 23,562.5ஆல் பெருக்கி, 35இன் வர்க்கமான 1225ஆலும் 50 லீட்டராலும் வகுத்தால் 38.5 வரும். குழாயின் இரண்டு வாயிலும் கொஞ்சம் வெளிக்காற்றும் சேர்ந்து ஆடும் என்பதால் விட்டத்தின் 0.732 பங்கை, அதாவது 7.3ஐக் கழிக்க வேண்டும். மிச்சம் சுமார் 31 சென்டிமீட்டர். முன்பலகையின் தடிப்பும் சேர்த்து இதுதான் குழாயின் நீளம்.

இதே பெட்டியில் குழாய் போடாமல் 18 மில்லிமீட்டர் பலகையில் ஓட்டை மட்டும் வெட்டியிருந்தால்? டியூனிங் 70 ஹெர்ட்ஸ் பக்கம் போய் நிற்கும். அந்த 'பூம் பூம்' வருவது இங்கேயிருந்துதான். நாலு கம்பி பேஸ் கிட்டாரின் ஆகக் கீழான சுரம் 41 ஹெர்ட்ஸ், அது இந்தப் பெட்டியில் ஏறக்குறைய காணாமலே போய்விடும். 70ஐச் சுற்றி வருவது மட்டும் வீங்கிப்போய்க் கேட்கும்.

"ஒரு ஓட்டைக்கே இவ்வளவு சத்தம்னா ரெண்டு போட்டா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். பக்கத்தில் அதே 31 சென்டிமீட்டரில் இன்னொரு குழாயைச் செருகினால் 35இல் இருந்த டியூனிங் 50 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறிவிடும். 35இலேயே நிறுத்த வேண்டும் என்றால் இரண்டு குழாயும் தலைக்கு 70 சென்டிமீட்டர் வேண்டும், அந்தப் பெட்டிக்குள் நேராகப் போடவே முடியாது. அதற்காகக் குழாயை ஒடுக்கமாக்கினாலும் தொல்லை. காற்று வேகமாகப் பாய்ந்து 'புஸ் புஸ்' என்று இரையும். வினாடிக்கு 17 மீட்டருக்குள் காற்றை வைத்திருந்தால் நல்லது என்பது பொதுவான கணக்கு. நிறைய பவர் கொடுக்கும் திருவிழா பெட்டிக்கு நான் வட்டக் குழாயை விட்டுவிட்டு, பலகையாலேயே அகலமான நீள்துளை அமைத்து, உள்ளே மடக்கிக் கொண்டுபோகிறேன். குழாயே போடுவதானால் இரண்டு வாயையும் உப்புத்தாள் கொண்டு உருட்டிவிட்டால் இரைச்சல் குறையும்.

50 லீட்டர் என்று சொன்னது குழாயும் வூபரும் போக மிச்சமிருக்கும் காற்று. வெளிவிட்டம் 110 மில்லிமீட்டர் உள்ள குழாய் 31 சென்டிமீட்டர் நீளத்துக்கே 3 லீட்டர் இடம் பிடிக்கும். வூபரின் காந்தமும் கூடும் இன்னொரு 3, உள்ளே வைக்கும் முட்டுக்கட்டைகள் 2. ஆகவே பெட்டியை 58 லீட்டருக்கு அடிக்க வேண்டும். உள்ளளவு 45, 36, 36 சென்டிமீட்டர் வைத்தால் சரியாக வரும். இங்கே இன்னொன்றைப் பாருங்கள். குழாயை முன்பக்கத்திலிருந்து 36 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் விட்டால், அதன் உள்வாய்க்கும் பின்பலகைக்கும் நடுவில் 7 சென்டிமீட்டர்கூட இருக்காது. குறைந்தது குழாயின் விட்டம் அளவுக்காவது இடைவெளி வேண்டும். அதனால் பக்கப் பலகையிலிருந்து 45 சென்டிமீட்டர் நீளவாக்கில் விட்டால் 15 சென்டிமீட்டருக்கு மேல் மிச்சம் இருக்கும். கடையில் நாலு அங்குலக் குழாய் என்று கொடுப்பதன் உள்விட்டம் தடிப்பைப் பொறுத்து மாறும், அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டே கணக்குப் போடுங்கள்.

மலையில் காற்று மெலிது, கொழும்புக் கணக்கு இங்கே சரிவருமா என்று படிக்கிற தம்பி ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. டியூனிங்கை முடிவு செய்வது ஒலியின் வேகம். அது காற்றின் வெப்பநிலையோடு மாறும், உயரம் நேரடியாக அதைத் தொடுவதில்லை. 30 பாகையில் வினாடிக்கு 349 மீட்டர், 15 பாகையில் 340. கொழும்பில் 35 ஹெர்ட்ஸ் காட்டும் பெட்டி, 1868 மீட்டர் உயரத்தில் குளிரும் நுவரெலியாவில் 34 காட்டும். யார் காதுக்கும் அது தெரியாது.

ஈரம் அப்படியில்லை. மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையின் வெட்டுவாய் பனியையும் மழையையும் உறிஞ்சி ஊதிவிடும். ஒரு மழைக்காலம் தாண்டினால் மூட்டு விரியும், காற்றுக் கசியும், பேஸ் சோரும். பஸ்ஸுக்கும் வெளியில் வைக்கும் செட்டுக்கும் 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்தான் நான் போடுவது. காசு இடம் கொடுக்கவில்லை, எம்.டி.எஃப்.தான் என்றால், வெட்டுவாய் முழுவதும் பசை தேய்த்துக் காயவைத்து அதன் மேல் பெயின்ட் அடியுங்கள், உள்மூலைகளில் சிலிக்கன் ஓட்டுங்கள்.

செய்து முடித்த பெட்டியைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். பெட்டியை மல்லாக்கப் படுக்கவைத்து, கோனின் நடு மூடியில் நாலைந்து அரிசியைப் போடுங்கள். போனில் ஒரு டோன் ஆப்பைப் போட்டு, சத்தத்தைக் குறைவாக வைத்து, 60 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல இறக்கிக்கொண்டே வாருங்கள். துள்ளிக்கொண்டிருந்த அரிசி ஓரிடத்தில் அடங்கிப்போகும், இன்னும் இறக்கினால் முன்னைவிட மோசமாகத் துள்ளும். அடங்கிய எண்தான் உங்கள் பெட்டியின் டியூனிங். அதே டோனை ஓடவிட்டு மூட்டுகளின் ஓரமாக ஊதுபத்தியைக் கொண்டுபோனால், புகை எங்கே உதறுகிறதோ அங்கே கசிவு இருக்கிறது.

டியூனிங்குக்குக் கீழே அரிசி துள்ளியதே, ஆபத்து அங்கேதான். அந்த இடத்தில் பெட்டிக் காற்று கோனைத் தாங்காது, அது தறிகெட்டு ஆடும். பேஸ் பட்டனை முழுக்கத் திருப்பிவைத்து ஓட்டும் பஸ்களில் 'டக் டக்' என்று அடிபடும் சத்தம் வந்தால், வூபருக்குள் இருக்கும் கம்பிச்சுருளான கொயில் சாகப்போகிறது என்று அர்த்தம். அம்ப்ளிஃபயரில் மிகக் கீழான சத்தத்தை வெட்டும் சப்சோனிக் ஃபில்டர் இருந்தால் டியூனிங்குக்குக் கொஞ்சம் கீழே, 35க்கு 28 அல்லது 30இல் வையுங்கள். அந்த வசதி இல்லாத அம்ப்ளிஃபயருக்கு மூடிய பெட்டியே பத்திரம். த்ரீவீலருக்கும் நான் சொல்வது எட்டு அங்குல வூபரும் மூடிய பெட்டியும்தான். சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இடத்தில் நல்ல போர்ட் பெட்டி உட்காராது.

ஸ்டோர் அறையில் மாதக்கணக்காகக் கிடக்கும் கோயில் செட்டுகளுக்குப் போர்ட் வாயில் கண் அகலமான கம்பிவலை அடித்துவிடுங்கள். எலி குடும்பத்தோடு குடியேறிய பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறேன், உள்ளே வைத்த பஞ்சு முழுவதும் மெத்தையாகிவிட்டிருந்தது.

லயத்து வீடுகளுக்குப் பெட்டி கேட்பவர்களிடம் ஒன்று சொல்லிவிடுவேன். சுவர் மூலையில் வைத்தால் பேஸ் கூடும், உண்மைதான். ஆனால் பக்கத்துக் காம்பராவோடு சேர்ந்த சுவராக இருந்தால், பாட்டுக் கேட்காமல் பேஸ் மட்டும் அந்த வீட்டுக்குள் போகும், தகரக் கூரையும் சேர்ந்து அதிரும். விடியக் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் அங்கே படுத்திருப்பார்கள். வெளிச்சுவர்ப் பக்கமாக வைத்து, பலகைக்கு அடியில் தடித்த ரப்பர் துண்டுகளைக் கொடுங்கள். சப்வூபரை மட்டும் நிறுத்த ஒரு தனி ஸ்விட்ச் வைத்துத் தருகிறேன், அதற்குத் தனிக் காசு வாங்குவதில்லை.