க்ரீமைப் பிடுங்கி எறியும் முன்

குன்னூரில் தோல் மருத்துவராக இருக்கிறேன். ஓர் அம்மா தன் 16 வயது மகனை அழைத்து வந்தார் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). அவன் கன்னம் இரண்டும் சிவந்து, நூல் நூலாக ரத்தக் குழாய் தெரிந்தது. "வெள்ளையாகணும்னு ஏதோ க்ரீம் பூசறான்னு தெரிஞ்சதும் பிடுங்கிக் குப்பையில போட்டேன் டாக்டர். இப்ப எரியுதுன்னு தூங்கவே மாட்டேங்கிறான்."

பையன் சட்டைப்பையிலிருந்து அந்த ட்யூபை எடுத்து மேஜையில் வைத்தான். குப்பையிலிருந்து திரும்ப எடுத்து, அடியைக் கத்தரியால் வெட்டி, கடைசிவரை வழித்துப் பூசியிருக்கிறான்.

மொமெட்டாசோன் என்ற ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் மூன்றும் கலந்த க்ரீம் அது. மங்குக்கு, அதாவது முகத்தில் படரும் கருந்திட்டுக்கு, மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தருவது. இத்தகைய ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. இவனுக்கு நண்பன் கொடுத்திருக்கிறான். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், பரு கிளம்பும். சட்டென்று நிறுத்தினால் எரிச்சல் இன்னும் மோசமாக வரும். உடனே பிள்ளை, 'க்ரீம் இருந்தால்தான் முகம் நன்றாக இருக்கிறது' என்று மறுபடி தேடிப் போகும். அதனால் எறியாதீர்கள். ட்யூபோடு வாருங்கள், படிப்படியாக விடுவிக்கலாம்.

இப்படிக் கெட்ட தோலை வெயிலிலிருந்தும் காக்க வேண்டும். குளிர் ஊரில் வெயில் என்ன செய்யும் என்று நினைக்க வேண்டாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். நாம் இருப்பது ஏறக்குறைய 1,850 மீட்டரில். மேகமும் முழுதாகத் தடுக்காது.

அம்மாவைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னேன். "கருப்பா இருந்தா என்ன தப்பு?" என்று கேட்கவில்லை, அந்த வயதில் அது அறிவுரையாகத்தான் காதில் விழும். "யாரு என்ன சொன்னாங்க?" என்றேன். வெகுநேரம் ட்யூபை உருட்டிக்கொண்டே இருந்தான். அப்புறம் சொன்னான். அக்கா கல்யாண ஆல்பத்தைப் பார்த்து, "இவன் மட்டும் நெகட்டிவ் மாதிரி இருக்கான்" என்றாராம் சித்தப்பா. "எல்லாரும் சிரிச்சாங்க. அம்மாவும் சிரிச்சாங்க."

அவன் சம்மதத்தோடு அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு அப்படி ஒரு நாளே ஞாபகத்தில் இல்லை. அழுதுவிட்டார்.

பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: முதலில் அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். எதிரே உட்காரவைத்து விசாரிக்க வேண்டாம். கடைக்கு நடந்து போகும்போது கேட்டால் தானாக வாய் திறப்பார்கள். வீட்டில் நிறத்தைச் சொல்லிக் கிண்டல் செய்கிறவர் மாமாவோ சித்தப்பாவோ, பிள்ளை முன்னாலேயே நிறுத்துங்கள். நாள் முழுக்கக் கண்ணாடி முன் நிற்பது, பள்ளிக்குப் போக மறுப்பது என்று போனால் க்ரீமை நிறுத்துவது மட்டும் போதாது. மனநல ஆலோசனை தேவை. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குக் கட்டணம் இல்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.