மூன்று பூச்சி, முப்பது சிக்கு

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “ஃப்ளை ஃபிஷிங்கில் ஒரே ஒரு பூச்சியைக் கட்டி வீசினால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டாவதும் மூன்றாவதும் கட்டியதும் எல்லாம் சேர்ந்து காக்கைக்கூடு மாதிரி வந்து விழுகிறது. காற்றே இல்லாத நாளிலும் இப்படித்தான். நான் என்ன தப்பு செய்கிறேன்?”

தப்பு அவருடையது மட்டும் இல்லை, இயற்பியலுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

பழக்கமில்லாதவர்களுக்கு முதலில் ஒரு சுருக்கம். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை பறந்து போய் நரம்பை இழுத்துச் செல்லும். இங்கே தலைகீழ். முள்ளில் இறகும் மயிரும் சுற்றிச் செய்த பூச்சிக்கு நரம்பை இழுத்துச் செல்லும் அளவுக்கு எடை இல்லை. எடை, மேலே பூச்சுக் கொடுத்த தடித்த நரம்பில் இருக்கிறது. அந்த நரம்பைக் கோலால் முன்னும் பின்னும் வீசும்போது அது காற்றில் ஒரு வளைவாக உருண்டு விரிந்து, நுனியில் இருக்கும் பூச்சியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. தடித்த நரம்புக்கும் பூச்சிக்கும் நடுவில் இருப்பது லீடர். வழக்கமாக 9 அடி நீளமுள்ள தங்கூஸ். போகப்போக மெலிந்து, கடைசியில் 0.15 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். மீன் இன்றைக்கு எந்த ஆழத்தில், எதைத் தின்கிறது என்று தெரியாதபோது லீடரின் பக்கவாட்டில் ஒன்றிரண்டு குட்டிக் கிளைகள் விட்டு, அவற்றிலும் பூச்சி கட்டுவார்கள். வினை ஆரம்பிப்பது அங்கேதான்.

சிக்கு விழ மூன்று விஷயம் வேண்டும்: சும்மா கிடக்கும் ஒரு நுனி, கொஞ்சம் தொய்வு, கொஞ்சம் குலுக்கல்.

நுனி ஏன் வேண்டும்? ஒரு ரப்பர் வளையத்தை நாள் முழுக்கக் குலுக்குங்கள். சுருளும், மடங்கும், ஆனால் உண்மையான முடிச்சு ஒன்றுகூட விழாது. முடிச்சு விழ வேண்டுமென்றால் ஒரு நுனி எங்காவது ஒரு வளைவுக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும். வளையத்துக்குத்தான் நுனியே இல்லையே!

குலுக்கலைப் பற்றி ஓர் அழகான சோதனை உண்டு. சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் என்ற இருவர் ஒரு பெட்டிக்குள் நூலைப் போட்டுச் சுழற்றினார்கள். நொடிக்கு ஒரு சுற்று, மொத்தம் பத்துச் சுற்று. பிறகு திறந்து, முடிச்சு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதையே 3,415 தடவை செய்தார்கள். 46 சென்டிமீட்டருக்குக் குறைவான நூலில் முடிச்சே விழவில்லை. நீளம் கூடக்கூட வாய்ப்பு கிடுகிடுவென ஏறி, ஒன்றரை மீட்டரைத் தாண்டியபோது ஏறக்குறைய பாதிக்குப் பாதி என்று நின்றது. 120 வகை முடிச்சுகள் கிடைத்தன. விறைப்பான நூலில் முடிச்சு குறைவு. நூலின் நுனி, பக்கத்தில் சுருண்டு கிடக்கும் இழைகளுக்கு மேலும் கீழும் புகுந்து பின்னல் போடுவதால்தான் இத்தனை முடிச்சும் என்று விளக்கினார்கள்.

2007இல் வெளியான இந்த ஆய்வுக்கு அடுத்த ஆண்டே இக் நோபல் பரிசு கிடைத்தது, அதாவது முதலில் சிரிக்க வைத்துப் பிறகு யோசிக்க வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு. சிரித்தவர்கள் பலர் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பது என் வருத்தம். நம் உடலில் உட்கரு உள்ள செல் ஒவ்வொன்றிலும் சுமார் இரண்டு மீட்டர் டிஎன்ஏ சுருட்டி அடைக்கப்பட்டிருக்கிறது. அதில் விழும் சிக்கை வெட்டி, பிரித்து, மறுபடி ஒட்டுவதற்கென்றே டோப்போஐசோமரேஸ் என்ற நொதிகள் இருக்கின்றன. சில புற்றுநோய் மருந்துகள் இந்த நொதியின் வேலையைக் கெடுத்துத்தான் கட்டியைத் தாக்குகின்றன. ஆகவே, “நூலைக் குலுக்குவதற்கெல்லாம் பணமா?” என்று கேட்கும் நிதிக்குழுவில் என்னை உட்கார வைத்தால் முதல் கையெழுத்தை நூலுக்குத்தான் போடுவேன்.

சரி, ஆற்றங்கரைக்கு வருவோம். ஒரே பூச்சி என்றால் சும்மா இருக்கும் நுனி ஒன்றுதான். மறுமுனை உங்கள் கையில். இரண்டு கிளை சேர்த்தால் நுனி மூன்றாகிறது. ஒவ்வொரு நுனியும் நடுநரம்போடும் சிக்கலாம், மற்ற இரண்டு நுனிகளோடும் சிக்கலாம். போதாததற்கு ஒவ்வொரு நுனியிலும் ஒரு கொக்கி. சாதாரண நூலில் தானாக நழுவிப் பிரிந்திருக்கும் அரைச்சிக்கை முள் பிடித்துக்கொண்டு முழுச்சிக்காக்கிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான்.

ஒரு முழ நீளத் தையல் நூலை எடுத்து, ஒரு முனையை எதிலாவது கட்டுங்கள். மறுமுனையை விரலால் உருட்டி ஐம்பது அறுபது முறுக்கு ஏற்றுங்கள். இழுத்துப் பிடித்திருக்கும்வரை நூல் கம்பி மாதிரி நேராக நிற்கும், பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இப்போது கையை ஓர் அங்குலம், ஒரே ஓர் அங்குலம், முன்னால் கொண்டுபோங்கள். நடுவில் எங்கோ நூல் சட்டென்று துள்ளி, ஒரு சின்னக் காது மாதிரி வளைந்து, தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். இன்னும் கொஞ்சம் விட்டால் காது நீண்டு இரட்டைப் பிரியாக ஏறும். மறுபடி இழுத்தால் காணாமல் போகும். முதல்முறை செய்தபோது இதை நான் இருபது தடவையாவது திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பேன்.

நடப்பது ஒரு பண்டமாற்று. இரண்டு முனையும் பிடிபட்டிருக்கும்போது மொத்தச் சுற்றுக் கணக்கு மாறவே மாறாது. ஆனால் அந்தக் கணக்கை நூல் இரண்டு விதமாக வைத்திருக்கலாம்: உள்ளுக்குள் முறுக்காகவோ, வெளியே சுருளாகவோ. ஒன்று குறைந்தால் மற்றது அதே அளவு கூடும். ருமேனியக் கணிதவியலாளர் களுகரேயானு கண்ட இந்தக் கணக்கைத்தான் டிஎன்ஏ ஆட்களும் இன்றுவரை பயன்படுத்துகிறார்கள். இழுவிசை இருக்கும்வரை சுருள் போட நூலால் முடியாது, ஏனென்றால் சுருள் போட்டால் நீளம் குறையும், நீளம் குறைய இழுவிசை விடாது. தொய்வு வந்த மறுகணம் முறுக்கு சுருளாக மாறிவிடுகிறது.

தூண்டிலில் முறுக்கு ஏற்றுவது யார்? பூச்சியேதான். இறகு ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தால் போதும், வீசும்போது அது காற்றாடி மாதிரி சுழலும். அமைதியாகத் தொங்கவிட்டால் திரும்பச் சுழன்று முறுக்கை இறக்கிக்கொள்ளும். ஆனால் ஒரு வீச்சுக்கும் அடுத்ததற்கும் இடையில் அதற்கு நேரம் ஏது? இப்படி முறுக்கேறிய லீடரில், வீச்சு திரும்பும் கணத்தில் அரை நொடித் தொய்வு விழுந்தால், கிளைக்குப் பக்கத்தில் ஒரு காது முளைத்துக் கிளையையும் சேர்த்து விழுங்கிவிடும். கரைக்கு இழுத்துப் பார்த்தால் கிளை நடுநரம்பைச் சுற்றிக் கொடி ஏறிய மாதிரி ஏறியிருக்கும். கேள்வி கேட்டவர் பார்த்தது அநேகமாக இதைத்தான்.

கணக்கு இன்னும் சுவாரசியம். முறுக்குவிசை இரண்டு மடங்கானால், நரம்பை நேராக வைத்திருக்க நான்கு மடங்கு இழுவிசை வேண்டும். நரம்பு விறைப்பாக இருந்தால் குறைந்த இழுவிசையே போதும். விறைப்போ தடிமனின் நான்காம் படியில் ஏறுகிறது: 0.15 மில்லிமீட்டருக்குப் பதில் 0.20 போட்டால் விறைப்பு மூன்று மடங்குக்கு மேல். கிளையைக் கொஞ்சம் தடித்த தங்கூஸில், ஒரு விரல் நீளம் அல்லது சற்றே கூடுதலாக வைக்கச் சொல்வது இதனால்தான். அப்படி வைத்த கிளை நடுநரம்பிலிருந்து விலகி நிற்கும். ரொம்பத் தடித்தால் பூச்சி நீரில் குச்சியில் குத்திய மாதிரி அசையாமல் நிற்கும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆக, நுனிகளைக் குறைக்க மனமில்லையென்றால் ஒழிக்க வேண்டியது தொய்வை. கனமான பூச்சியைக் கடைசி நுனியில் கட்டுங்கள். அதன் வேகம் லீடர் முழுவதையும் இழுத்து நேராக்கும். கனத்தை நடுவில் வைத்தால் அது முந்திக்கொண்டு போகும், பின்னால் வரும் லேசான பூச்சி அதன் மேலேயே வந்து விழும். பூச்சிகளுக்கு நடுவே அரை மீட்டருக்குக் குறையாமல் இடம் விடுங்கள். பின்வீச்சில் நரம்பு முழுக்க விரியட்டும், அதற்குமுன் கோலைத் திருப்பாதீர்கள். வளைவையும் அகலமாக விடுங்கள்: மேல் நரம்புக்கும் கீழ் நரம்புக்கும் உள்ள இடைவெளி, தொங்கும் கிளைகள் ஒன்றையொன்று தொடும் அளவுக்குச் சுருங்கினால் கொக்கி தன் வேலையைக் காட்டிவிடும்.

பெல்ஜியன் வீச்சு என்று ஒன்று இருக்கிறது. பின்வீச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகக் கொண்டுபோய், நிறுத்தாமல் அப்படியே சுற்றி மேலே ஏற்றி, தலைக்கு மேலாக முன்னால் விடுவது. கோல்நுனி ஒரு நீள்வட்டம் போடும். சாதாரண வீச்சில் நரம்பு பின்னால் போய் நின்று திரும்பும் கணம் ஒன்று உண்டு. கனமான பூச்சி அங்கேதான் உதறிக்கொண்டு எகிறும். இதில் அந்தக் கணமே கிடையாது, இழுவிசை ஒருபோதும் அறுவதில்லை. பார்க்க அழகில்லை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு என்னவோ இதுதான் அழகு.

அப்புறம், காற்றில் வெறும் வீச்சு வீசுவதைக் குறையுங்கள். ஒவ்வொன்றும் ரேமர் பெட்டிக்கு இன்னொரு சுற்று. நீரோட்டம் நரம்பைக் கீழ்ப்பக்கம் இழுத்து இறுக்கியதும் அந்தப் பிடியை வைத்தே கோலை வளைத்து ஒரே வீச்சில் மேல்பக்கம் அனுப்பிவிடலாம்.

கிளையே வேண்டாம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. முதல் பூச்சியின் முள் வளைவில் அடுத்த துண்டு நரம்பைக் கட்டிக்கொண்டே போகலாம். பூச்சி மூன்று, நுனி ஒன்றே ஒன்று! சிக்கு குறையும், ஆனால் முன்னால் உள்ள பூச்சிகள் இரண்டு பக்கமும் இழுபட்டு, சுதந்திரமாக அசையாது.

கடைசியாகக் காற்று. லீடரில் தானாக விழும் ஒற்றை முடிச்சைக் ‘காற்று முடிச்சு’ என்று சொல்லிப் பழியைக் காற்றின் மேல் போடுவது ஒரு பழைய மூடநம்பிக்கை. அதிர்ஷ்டத் தொப்பி வகையறா. பெரும்பாலும் குற்றவாளி கைதான். வீச்சின் நடுவில் திடீரென்று பலம் கொடுத்தால் கோல் கூடுதலாக வளைந்து அதன் நுனி பள்ளமான பாதையில் போகும், மேல் நரம்பு கீழ் நரம்பைக் குறுக்கே வெட்டும், பூச்சி அந்த வளையத்துக்குள் புகுந்து வெளியே வரும். காற்று வீசும் நாளில் அந்த முடிச்சு அதிகம் விழுவது, எதிர்காற்றைப் பார்த்து நாம் முரட்டுத்தனமாக வீசுவதால்.

அந்த ஒற்றை முடிச்சு நரம்பின் பலத்தைக் கிட்டத்தட்டப் பாதியாக்கிவிடும், கண்ணுக்கும் தெரியாது. பத்து வீச்சுக்கு ஒருமுறை லீடரைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே உருவிப் பாருங்கள், மணல் மாதிரி ஒன்று நெருடும். இறுகவில்லையென்றால் ஊசிமுனையால் தளர்த்தலாம். இறுகியிருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். பெரிய சிக்கு விழுந்தாலும் முதலில் கை போகக்கூடாத இடம் நுனி. இழுத்தால் அரைச்சிக்கெல்லாம் முடிச்சாகிவிடும். பூச்சிகளைத் தொங்கவிட்டு, கிளை எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது என்று பார்த்து, எதிர்ப்பக்கமாகச் சுழற்றுங்கள். பாதிக்குமேல் அதிலேயே பிரிந்துவிடும்.