தணிக்கை

"போட்ட பதிவைத் தூக்கிட்டாங்கள்" என்றுதான் யாழ்ப்பாணத்தில் கதைப்போம். அதுவே செய்தியில் வரும்போது 'இணையத் தணிக்கை' ஆகிவிடுகிறது.

சென்சார் என்ற சொல்லுக்கு இலத்தீன் மூலம். சென்சேரே என்றால் மதிப்பிடுதல். பழைய உரோமில் சென்சார் ஒரு பதவிப் பெயர். குடிமக்களைக் கணக்கெடுப்பதும் அவர்களின் ஒழுக்கத்தைக் கண்காணிப்பதும் அவருடைய வேலை. சென்சஸும் அதே வேரில் முளைத்ததுதான்.

தணிக்கை 'தணி' என்பதிலிருந்து வந்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். அது அரபுச் சொல்லான தன்கீஹ், உருது வழியாக இங்கே வந்து தமிழ் உடுப்புப் போட்டுக்கொண்டது. அரபில் கழித்துத் திருத்திச் செம்மையாக்குதல் என்று பொருள். தெலுங்கின் தனிகீயும் கன்னடத்தின் தனிகெயும் இதன் உறவுகள்; அங்கே சோதனை, விசாரணை என்ற பொருளில் வழங்குகின்றன. தமிழ்நாட்டில் கணக்குப் பார்ப்பதும் தணிக்கைதான். எங்களுக்கு அது கணக்காய்வு. அதனால் இலங்கைத் தமிழில் தணிக்கை என்றால் கத்திரிக்கோல் மட்டுமே நினைவுக்கு வரும். 1998இலும் 2000இலும் போர்ச் செய்திகளுக்கு அரசு விதித்த தணிக்கை அந்தப் பொருளை இன்னும் இறுக்கிவிட்டது.

வேர் அரபு என்பதற்காகச் சொல்லைத் துரத்த வேண்டியதில்லை. அதை எல்லாவற்றுக்கும் போட்டு அடிப்பதுதான் பிழை. தணிக்கை என்றால் ஒருவர் வாசித்துப் பார்த்து வெட்டியிருக்க வேண்டும். 2018 மார்ச்சில், கண்டி வன்முறையை அடுத்து பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் அரசு நிறுத்தியபோது யாரும் எதையும் வாசிக்கவில்லை. வெறுப்பைப் பரப்பியவனுக்கும் கனடாவில் இருக்கிற மகளோடு கதைக்கிற அம்மாவுக்கும் ஒரே அடி. அது முடக்கம். ஒரு தளத்தை மட்டும் மறித்தால் தடை. நிறுவனம் தன் விதியைக் காட்டிப் பதிவை எடுத்தால் நீக்கம். குழுவை நடத்துபவர் பின்னூட்டத்தைப் பார்த்து விடுவது மட்டுறுத்தல். தமிழ் வலைப்பதிவர்கள் புழக்கத்துக்குக் கொண்டுவந்த நல்ல சொல்.

2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை இதில் எங்கே வைப்பது? பெண்களையும் சிறுவர்களையும் இணையத் தொந்தரவிலிருந்து காக்க என்கிறார்கள் ஆதரிப்பவர்கள். அந்தத் தேவை உண்மையானது. ஆனால் எது பொய்க்கூற்று என்று பார்த்து அகற்றச் சொல்லும் அதிகாரம், ஜனாதிபதி நியமிக்கும் ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுவிடம் போகிறது. வாசித்து, மதிப்பிட்டு, வெட்டச் சொல்வது என்றால் அது சென்சாரின் வேலைதான். சட்டத்தின் பெயரில் 'காப்பு' இருந்தாலும் இதற்குத் தணிக்கை என்பதே பொருத்தமான சொல்.

சுயதணிக்கை வேறு. நவம்பர் கடைசிக் கிழமையில், மாவீரர் நாளையொட்டி, முகநூலைத் திறந்தால் தெரியும்: நினைவுகூரப்படுபவரின் பெயரில் எழுத்துகளுக்கு நடுவே புள்ளி, சிலவேளை பெயரே இல்லாமல் ஒரு விளக்கின் படம் மட்டும். எழுதுகிறவரே, முகநூலின் இயந்திரம் பிடித்துவிடும் என்று முன்கூட்டியே கழித்துவிடுகிறார்.