தாயத்தும் தொப்புள்கொடி ரத்தமும்

ஏழாம் மாதப் பரிசோதனைக்கு வந்த பெண், ஸ்கேன் ரிப்போர்ட்டோடு, தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்துத் தரும் தனியார் வங்கி ஒன்றின் வழவழப்பான விளம்பரக் கையேட்டையும் என் மேசைமேல் வைத்தார். அவர் வாய் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்: "அந்தக் காலத்துலயே தொப்புள்கொடியைத் தாயத்துல அடைச்சு அரைஞாண்ல கட்டினோமே டாக்டர், அதுதானே இது?"

தாயத்துக் கொடி பின்னாளில் மருந்தாகும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைதான். தாயத்துக்குள் இருப்பது காய்ந்து விழுந்த சருகு. அதில் உயிருள்ள செல் ஒன்றுகூட மிஞ்சாது. ஆசைக்குக் கட்டுங்கள், மருந்து என்று மட்டும் எண்ண வேண்டாம் என்றேன். மருத்துவத்துக்கு உதவுவது, குழந்தை பிறந்தபின் கொடியிலும் நஞ்சுக்கொடியிலும் தங்கிவிடும் ரத்தம். எலும்பு மஜ்ஜையில் உள்ளதைப் போல, ரத்த அணுக்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் அதில் இருக்கின்றன.

1988-இல் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் டாக்டர் எலியான் க்ளூக்மன் குழுவினர்தான் இந்த ரத்தத்தை முதன்முதலில் ஒரு நோயாளிக்கு ஏற்றினார்கள். ஃபான்கோனி அனீமியா என்ற பரம்பரை நோய் இருந்த சிறுவன் அவன். ஏற்றியது அவனுடைய ரத்தம் அல்ல, புதிதாய்ப் பிறந்த தங்கையின் தொப்புள்கொடி ரத்தம். அவனுடையதையே சேமித்து வைத்திருந்தாலும் உதவியிருக்காது. கோளாறே அவன் மரபணுவில்தானே!

கையேடு சொல்லாமல் விடுவது இதைத்தான். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள குழந்தைக்கு அதன் சொந்தக் கொடி ரத்தத்திலும் அதே பழுது இருக்கும். சிறுவயதில் வரும் ரத்தப் புற்றுநோய்கள் பலவற்றுக்கும் விதை பிறக்கும்போதே அந்த ரத்தத்தில் இருக்கக்கூடும். அதனால்தான் தன் குழந்தைக்கென்று தனியார் வங்கியில் காசு கட்டிச் சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) பரிந்துரைப்பதில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு. வீட்டில் மூத்த குழந்தைக்கு ஏற்கெனவே தலசீமியா போன்ற நோய் இருந்தால், அடுத்த பிரசவத்தில் கட்டாயம் இதைப் பற்றிக் கேளுங்கள். கூடப்பிறந்தவரோடு முழுத் திசுப் பொருத்தம் அமைய நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது.

மற்றபடி இந்த ரத்தத்தின் அருமை, முகம் தெரியாத இன்னொருவருக்குக் கொடுப்பதில்தான். நியூயார்க் ரத்த மையத்தில் டாக்டர் பாப்லோ ரூபின்ஸ்டீன் 1990-களின் தொடக்கத்தில் அமைத்த பொது வங்கிதான் இதற்கு வழி காட்டியது. பொது வங்கி தானம் தருபவரிடம் காசு வாங்காது. ரத்தமும் உங்கள் பெயரில் இருக்காது, யாருக்குப் பொருந்துகிறதோ அவருக்குப் போகும். உறவில்லாத பெரியவர்கள் தரும் ஸ்டெம் செல் பொதுவாக ஏறக்குறைய முழுதாகப் பொருந்த வேண்டும். கொடி ரத்தத்தில், பொருத்தம் பார்க்கும் ஆறு திசுக் குறியீடுகளில் நான்கு பொருந்தினாலே மருத்துவர்கள் முயன்று பார்ப்பார்கள். அளவு குறைவு என்பதுதான் சிக்கல். செல்கள் போதாத பைகள் மாற்று சிகிச்சைக்கு ஆகாது. தாய் சம்மதித்தால் அவை ஆராய்ச்சிக்குப் போகும், வீணாகாது. கொடி ரத்தச் செல்களை ஆய்வகத்தில் பெருக்கித் தயாரிக்கும் ஒமிடுபிசெல் என்ற சிகிச்சைக்கு 2023-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட ஆராய்ச்சிதான் இருக்கிறது.

எடுப்பதில் தாய்க்கோ குழந்தைக்கோ வலி கிடையாது. கொடியைக் கிளாம்ப் போட்டு வெட்டிக் குழந்தையை அம்மாவிடம் கொடுத்தாயிற்று. அப்புறம் நஞ்சுக்கொடிப் பக்கம் தொங்கும் நுனியை பெட்டடினால் துடைத்து, புடைத்திருக்கும் சிரையில் ஊசியை ஏற்றுவோம். பையைக் கட்டிலுக்குக் கீழே தாழ்த்திப் பிடித்தால் கருஞ்சிவப்பாக ரத்தம் தானே இறங்கும். உறையாமல் இருக்கப் பையை மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சில நிமிடங்களில் சிரை வெளுத்துச் சுருங்கிவிடும். அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கிளாம்ப் எப்போது விழுகிறது என்பதில் எனக்கு ஒரு பழைய உறுத்தல் உண்டு. பயிற்சிக் காலத்தில் நான் இருந்த ஒரு மருத்துவமனையில், ரத்த வங்கியின் சேகரிப்பு ஆள் கதவோரம் நிற்க, பை நிறைய வேண்டுமே என்று குழந்தை வெளியே வந்த நொடியே கிளாம்ப் போட்டிருக்கிறோம். குழந்தைக்குப் போக வேண்டிய ரத்தம் அது. ஒரு நிமிடமாவது பொறுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தசோகை மலிந்த நம் ஊரில் அந்த ஒரு நிமிடம் தருகிற இரும்புச்சத்து சின்ன விஷயமில்லை. சேமிப்போ தானமோ, முதல் பங்கு பிள்ளைக்கு. மிச்சம் இருந்தால்தான் பைக்கு.

"சரி, தானமே பண்றோம், எங்க போகணும்?" என்றார் கணவர். இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு நாக்கு தடுமாறும். சென்னையில் ஜீவன் அமைப்பு பொது வங்கி தொடங்கியது. ஆனாலும் நம் நாட்டில் இந்த முயற்சிகள் தழைக்கவில்லை. ஒவ்வொரு பையையும் சோதித்து, மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் வருஷக்கணக்காக வைக்க ஆகும் செலவை யார் தலையில் கட்டுவது? தானம் கொடுப்பவரிடம் கேட்க முடியாதே. பணம் கட்டிய உறுப்பினர்களுக்குள் மட்டும் பகிர்ந்துகொள்ளும் திட்டங்களும் இருக்கின்றன. அவற்றைப் பொது தானம் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். உங்கள் மருத்துவமனை எந்தப் பொது வங்கியோடாவது ஒப்பந்தம் வைத்திருக்கிறதா என்று ஏழாம் மாதமே விசாரியுங்கள். வலி எடுத்தபின் கேட்டால், சம்மதப் படிவத்துக்கும் தாயின் ரத்தப் பரிசோதனைக்கும் நேரம் இருக்காது.

அவர்களுக்கு அப்படி ஒரு வழி அமையவில்லை. கணவரிடம் தாத்ரி போன்ற ஸ்டெம் செல் கொடையாளர் பதிவேட்டைப் பற்றிச் சொன்னேன். பதிவு செய்ய, பொருத்தம் பார்ப்பதற்காகக் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் ஒரு தேய், அவ்வளவே.

பெண் குழந்தை. கொடியின் துடிப்பு அடங்கும்வரை பொறுத்துத்தான் கிளாம்ப் போட்டேன். நஞ்சுக்கொடி வழக்கம்போல மஞ்சள் பையில் கழிவுக்குப் போனது. ஆறாவது வாரம் தடுப்பூசிக்கு வந்தபோது குழந்தையின் இடுப்பில் வெள்ளித் தாயத்து. பாட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். "அழகுக்குத்தான் டாக்டர்." மகன் பதிவு செய்துவிட்டாராம்.