ஸ்டார்ட்டிங் ஹேண்ட் சார்ட்: அட்டவணையா, கட்டமா?

போக்கர் கற்றுக்கொள்ள உட்காரும் எவர் கையிலும் முதல் வாரத்திலேயே ஒரு வண்ணத் தாள் வந்து சேர்ந்துவிடும். பதின்மூன்றுக்குப் பதின்மூன்று சதுரம், ஒவ்வொன்றும் ஆட்டத் தொடக்கத்தில் உங்களுக்கு வரும் இரண்டு சீட்டின் ஒரு சேர்க்கை. பச்சை இருந்தால் ஆடு, சிவப்பு இருந்தால் சீட்டைக் கீழே போடு. இதுதான் ஸ்டார்ட்டிங் ஹேண்ட் சார்ட். தமிழில் எழுதும்போது 'தொடக்கக் கை அட்டவணை' என்று சட்டென்று கைக்கு வருகிறது. முதல் இரண்டு சொல்லோடு எனக்குச் சண்டையில்லை, மூன்றாவதோடுதான்.

முதலில் 'கை'. ஹேண்ட் என்பதை மொழிபெயர்க்க யாரும் மெனக்கெட வேண்டாம், திண்ணையில் சீட்டு ஆடியவர்கள் எப்போதோ அதைச் சொல்லி வைத்துவிட்டார்கள். 'இந்த தடவை நல்ல கை' என்றால் வந்த சீட்டு. 'ஒரு கை குறையுது, வர்றியா' என்றால் ஆள். 'முதல் கை யாரு' என்றால் முதலில் இறங்க வேண்டியவர். அதனால்தான் ஸ்டார்ட்டிங் ஹேண்ட் என்பதை 'முதல் கை' என்று எழுதக்கூடாது என்கிறேன். போக்கரில் முதலில் பேசுகிறவர், அதாவது பந்தயமா விலகலா என்று முதலில் சொல்கிறவர், யார் என்பதே பாதி ஆட்டம், அந்த இடத்தில் சொல் குழம்பினால் ஆளே குழம்பிவிடுவார். தொடக்கக் கை என்றே இருக்கட்டும்.

இனி 'சார்ட்'. கிரேக்கத்தில் பாப்பிரஸ் தாளைக் குறித்த சொல் லத்தீனுக்குப் போய் 'கார்ட்டா' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு இரண்டு தடவை வந்தது. ஒரு தடவை 'கார்ட்' என்று, அதாவது நம் சீட்டு. இன்னொரு தடவை 'சார்ட்' என்று, அது மாலுமிகளின் கடல் வரைபடம். ஆக சீட்டும் சார்ட்டும் ஒரே தாளின் இரண்டு பிள்ளைகள். தமிழில் மட்டும் என்ன, மருந்துச் சீட்டு, பஸ் சீட்டு, சீட்டுக்கட்டு எல்லாம் ஒரே சொல்தானே! கவனிக்க வேண்டியது அந்தக் கடல் வரைபடத்தைத்தான். எங்கே பாறை, எங்கே ஆழம் என்று அது காட்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை மாலுமிதான் பார்க்க வேண்டும்.

அட்டவணை அப்படியல்ல. கால அட்டவணையில் 6.10 என்று போட்டிருந்தால் வண்டி 6.10-க்கு வர வேண்டும், வராவிட்டால் தப்பு வண்டி மேல். சட்டத்துக்குப் பின்னால் வரும் அட்டவணைக்கும் அதே அதிகாரம். (போக்கரே அப்படி ஓர் அட்டவணையில் மாட்டியதுதான். 2022-இல் தமிழ்நாடு கொண்டுவந்த இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் ரம்மியும் போக்கரும் இருந்தன. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அட்டவணையை மட்டும் ரத்து செய்தது. 2025-இல் மத்திய அரசின் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களையே மொத்தமாக மூடிவிட்டது. நாங்கள் புளியங்கொட்டை வைத்து ஆடுகிறவர்கள், எங்களுக்குக் கவலையில்லை.)

தாளில் என்னதான் இருக்கிறது? 52 சீட்டில் இரண்டு எடுத்தால் 1,326 விதமாக வரலாம். இனத்தின் (ஸ்பேட், ஹார்ட் போன்ற சின்னத்தின்) பெயரை விட்டுவிட்டு, 'ஒரே இனமா, வேறு இனமா' என்று மட்டும் பார்த்தால் அது 169 ஆகச் சுருங்கும். மூலைவிட்டத்தில் 13 ஜோடிகள், அதற்கு மேலே ஒரே இனத்தில் 78, கீழே வேறு இனத்தில் 78. எல்லாச் சதுரமும் ஒரே அளவில் இருப்பதால் கண் ஏமாந்துபோகும். ஒரு ஜோடி ஆறு விதமாக வரும், ஒரே இனக் கை நாலு விதம், வேறு இனக் கையோ பன்னிரண்டு. கீழ்ப்பாதியில் தாராளமாகப் பச்சை அடித்தால், நினைத்ததைவிட ரொம்பவே அதிகமான கைகளை ஆடிக்கொண்டிருப்பீர்கள்.

இப்படித் தாள் போட்டுக் கைகளைப் பிரிக்கும் வழக்கம் வரம்புள்ள ஆட்டத்தில் வளர்ந்தது. போக்கர் நூல்கள் எழுதிய டேவிட் ஸ்க்லான்ஸ்கி தொடக்கக் கைகளை எட்டுக் குழுவாகப் பிரித்ததும் வரம்புள்ள ஹோல்டெம் (கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து) ஆட்டத்துக்காகத்தான். வரம்பு என்றால் நம்மூரில் வயல் வரப்பும்தான். அந்த ஆட்டத்தில் பந்தயம் இவ்வளவுதான் என்று முன்பே கட்டிவிடுவதால் தண்ணீர் பாத்தியைத் தாண்டாது, தப்பான கையில் இறங்கினாலும் நாலைந்து பந்தயத்தோடு போகும். நோ லிமிட்டில் வரப்பே கிடையாது. எந்த நேரத்திலும் எதிராளி தன் முன்னால் இருக்கும் அத்தனையையும் நடுவில் தள்ளலாம்.

என் கதையையே சொல்கிறேன். தாளைப் பார்த்துப் பார்த்து ஆடிக்கொண்டிருந்த காலம், கையில் இரண்டு ஐந்து. ஐந்து ஜோடிக்குப் பச்சை. என் சித்தப்பா மகன் ஆறு கொட்டை வைத்து ஏற்றினான், நானும் ஆறு வைத்தேன். அவன் முன்னால் மிச்சம் இருந்ததோ இருபத்தைந்து கொட்டை. நடுவில் விழும் மூன்று சீட்டில் இன்னோர் ஐந்து வருவது ஏறக்குறைய எட்டரை தடவைக்கு ஒரு தடவை. வராத ஏழரை தடவையும் ஆறு ஆறாகப் போனால் நாற்பத்தைந்து கொட்டை நஷ்டம், வரும் அந்த ஒரு தடவை அவனிடம் இருப்பதை மொத்தமாகச் சுரண்டினாலும் நாற்பத்தைந்து தேறாது. மூன்றாவது ஐந்தை மட்டும் நம்பிப் போவதாக இருந்தால் அது வீண் செலவு. அவன் முன்னால் இருநூறு கொட்டை இருந்திருந்தால் அதே ஐந்து ஜோடியை விடவே கூடாது. தாளில் இரண்டுக்கும் ஒரே சதுரம், ஒரே பச்சை. ஒருவர் முன்னால் மிச்சம் இருப்பதைச் சொல்லும் ஸ்டாக் (stack) என்பதற்கு நம்மிடம் 'கையிருப்பு' என்று அருமையான சொல் இருக்கிறது. அதை யாருமே அந்தத் தாளில் பார்ப்பதில்லை, நானும்தான் பார்க்கவில்லை.

அப்புறம் டாயில் பிரன்சன் கதை. 1976, 1977 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டு உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டியை வென்றார், இரண்டு முறையும் கடைசிக் கை 10-2. வழக்கமான தாளில் தேறாத கை, இரண்டு தடவையும் ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்று, இன்னோர் எண்ணில் இரண்டு) ஆனது. இதை வைத்து 'சார்ட்டே வேண்டாம்' என்று பேசுகிறவர்களும் உண்டு. இரண்டே பேர் மிஞ்சிய கட்டத்தில் ஆடியது அது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். எனக்கு இன்னும் பிடித்தது நார்வேயின் அனெட் ஒப்ரெஸ்டாட். 2007-இல் 180 பேர் ஆடிய ஓர் இணையப் போட்டியில், ஒரே ஒரு தடவை தவிரத் தன் சீட்டையே பார்க்காமல் ஜெயித்தார். எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம், எதிரில் இருப்பவர் எப்போது பயப்படுவார் என்பதை மட்டும் வைத்து ஆடினார்.

அதற்காகத் தாள் பயனற்றது என்று சொல்ல மாட்டேன். புதிதாக ஆடுகிறவருக்கு ராஜாவும் ஜாக்கியும் சேர்ந்து வந்தால் கல்யாண வீடு மாதிரி இருக்கும். ஒன்பது பேர் மேசையில் முதலில் பேச வேண்டிய இடத்தில் வேறு இன ராஜா-ஜாக்கியைப் போட்டுவிடு என்று சொல்ல ஒரு தாள் தேவைதான், ஏனென்றால் எதிராளி கையில் ஏஸ்-ராஜா இருந்தால் ராஜா விழுந்த சந்தோஷமே உங்களைக் காலி செய்துவிடும். கடைசி இடத்தில், முன்னால் எல்லோரும் விலகிவிட்டால், அதே கையில் ஏற்றலாம். வேடிக்கை என்னவென்றால் கையிருப்பு பத்துப் பெரிய பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்கும் பந்தயம்) அளவுக்குக் கரைந்தபின் எல்லாவற்றையும் தள்ளு, இல்லை விலகு என்ற இரண்டே வழிதான் மிஞ்சும். அங்கே தாள் சொல்வதைக் கிட்டத்தட்ட அப்படியே கேட்கலாம். அங்கே மட்டும் அதை அட்டவணை என்றாலும் ஒப்புக்கொள்வேன்.

மற்ற இடத்துக்கெல்லாம் என் சொல் 'கட்டம்'. தொடக்கக் கைக் கட்டம். கண்ணுக்குத் தெரிவதும் கட்டம்தான், பழக்கமும் நமக்கு உண்டு. ஜாதகக் கட்டத்தைப் பார்த்த எந்த ஜோசியரும் அதோடு நிறுத்த மாட்டார், என்ன திசை, என்ன புத்தி நடக்கிறது என்று கேட்டுத்தான் பலன் சொல்வார். (எனக்கு ஜோசியத்தில் நம்பிக்கையில்லை, அந்தக் கேள்வி கேட்கும் முறையில் உண்டு.) இப்போதெல்லாம் கணினி நிரல் போட்டுத் தரும் கட்டங்களும் ஏதோ ஒரு கையிருப்பையும் ஆள் எண்ணிக்கையையும் வைத்துத்தான் கணக்கிடப்படுகின்றன. தாள் கைமாறிக் கைமாறி வரும்போது அந்த வரி கிழிந்துபோகும். என்னிடம் இருக்கும் தாளின் தலையில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்: 'ஆறு கை ஆட்டம், கையிருப்பு நூறு பிளைண்ட்.' சித்தப்பா மகன் கேட்டான் என்று போன வாரம் நகல் எடுத்துக் கொடுத்தேன், அந்த வரி விட்டுப்போகாமல்.